ஈரப்பதம் 94 சதவீதம், மழை எங்கே? புதிதாக வானம் பார்ப்பவர்கள் தவறும் இடங்கள்

வானிலை எண்களைப் பார்த்து மழை சொல்லப் பழகுபவர்கள் தினமும் எழுதிவைக்கும் குறிப்புகளைத் திருத்துவது என் வேலைகளில் ஒன்று. ஆள் மாறுகிறது, ஆண்டு மாறுகிறது, தவறு மட்டும் மாறுவதில்லை. பாதிக்கு மேல் நான் பழகிய காலத்தில் செய்தவைதான். அதனால் எங்கே இடறுவார்கள் என்பது குறிப்பைத் திறக்கும் முன்பே தெரிந்துவிடும்.

மேகங்கள் மோதிக்கொள்வதால் இடி, மழைத்துளி கண்ணீர்த்துளி வடிவம் என்பதையெல்லாம் இங்கே எடுக்கப்போவதில்லை. அவை பள்ளிக்கூடத்தோடு கழிந்திருக்க வேண்டியவை. கழியாவிட்டாலும் யாருக்கும் நஷ்டமில்லை. நஷ்டம் வைக்கிற தவறுகளை மட்டும் பார்ப்போம். அதில் ஒன்றுக்கு இடம் நிறையப் போகும், ஏனென்றால் அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது.

## காலை ஈரப்பதத்தைப் பார்த்து மழை சொல்வது

எங்களிடம் பழக வந்திருந்த ஒரு பையன். கணக்கில் புலி, வரைபடம் போடுவதில் கெட்டி. ஒருநாள் விடிகாலையில் ஒரு கட்டிட ஒப்பந்தக்காரர் அவனைக் கூப்பிட்டு, இன்றைக்குக் கூரைத் தளத்துக்குக் கான்கிரீட் போடலாமா என்று கேட்டிருக்கிறார். கருவியில் 12 டிகிரி, ஈரப்பதம் 94 சதவீதம். "காற்று முழுக்கத் தண்ணீராக இருக்கிறது, மழை வந்தே தீரும்" என்று சொல்லிவிட்டான். அவர் ரெடிமிக்ஸ் லாரியைத் திருப்பி அனுப்பினார், வேலைக்கு வந்தவர்களுக்குச் சும்மா கூலி கொடுத்தார். ஒன்பது மணிக்கு மூடுபனி விலகியது. அப்புறம் சாயங்காலம் வரை ஒரு பொட்டு மேகம் இல்லாத வெயில்.

சில மாதங்கள் போயின. வெயில் காலம். அதே ஒப்பந்தக்காரர், அதே கேள்வி. இந்த முறை அவர் கேட்டது மதியத்தில். 36 டிகிரி, ஈரப்பதம் 50 சதவீதம். முதல் தடவை பட்ட அடி நினைவில் இருந்ததால் பையன் தாராளமாகச் சொன்னான்: "காற்று காய்ந்து கிடக்கிறது, போடுங்கள்." கொட்டி, பரப்பி, மட்டப்பலகை இழுத்துக்கொண்டிருந்தபோது இடிமழை பிடித்துக்கொண்டது. பாலிதீன் விரிப்பைத் தேடி எடுத்து வருவதற்குள் சிமென்ட் பால் ஓரங்களில் வழிந்தோடிவிட்டது. மறுநாள் நானும் போய்ப் பார்த்தேன். ஜல்லி பல்லிளித்துக்கொண்டிருந்தது. விரலால் சுரண்டினால் மணல் கையோடு வந்தது. மேல் அடுக்கை உடைத்துத்தான் திரும்பப் போட்டார்கள்.

இரண்டு நாளிலும் பையன் பார்த்தது ஒரே எண்ணை. இரண்டு நாளிலும் கருவி சரியாகத்தான் காட்டியது. அந்த எண்ணுக்குப் பதில் தெரியாத கேள்வியை அதனிடம் கேட்டதுதான் கோளாறு.

கருவி காட்டுவது ஒப்பு ஈரப்பதம். அது ஒரு விகிதம். காற்றில் இப்போது உள்ள நீராவி மேலே, அந்த வெப்பநிலையில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவி கீழே. மேலே உள்ளது ஒரு துளி மாறாவிட்டாலும், கீழே உள்ளது மாறினால் சதவீதம் மாறிவிடும். கீழே உள்ளதை ஆட்டிவைப்பது வெப்பநிலை. ஒரு கன மீட்டரில் அதிகபட்சம் இருக்கக்கூடிய நீராவி பூஜ்ஜியம் டிகிரியில் 5 கிராமுக்குச் சற்றுக் குறைவு. 10 டிகிரியில் 9 கிராமுக்கு மேல், 20-ல் 17, 30-ல் 30. ஏறக்குறைய ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் இரட்டிப்பாகிறது.

இப்போது அந்த இரண்டு நாட்களையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் நாள் 12 டிகிரியில் 94 சதவீதம் என்றால் ஒரு கன மீட்டர் காற்றில் இருந்தது 10 கிராம் நீராவி. இரண்டாவது நாள் 36 டிகிரியில் 50 சதவீதம் என்றால் 21 கிராம். "முழுக்கத் தண்ணீர்" என்று அவன் பயந்த காற்றில் இருந்ததைப்போல, "காய்ந்து கிடக்கிறது" என்று நம்பிய காற்றில் இரண்டு மடங்கு நீர் இருந்தது. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த இரண்டாவது நாளின் விடியலில், அதே நீராவி இருக்க, வெப்பநிலை 25 என்று வைத்துக்கொண்டால் சதவீதம் மறுபடியும் அதே 94. காலையில் 94, மதியம் 50, நடுவில் நீர் எங்கும் போகவில்லை. வெயில்தான் ஏறியது.

ஒரு நாளில் ஒப்பு ஈரப்பதம் ஏறி இறங்கும் வளைவைப் பெரும்பாலான இடங்களில் வெப்பநிலை வளைவைத் தலைகீழாகத் திருப்பி வரைந்துவிடலாம். விடியலில் உச்சம், பிற்பகலில் பள்ளம். அதை வைத்து மழை சொல்பவர் உண்மையில் "காலையில் குளிராக இருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தத் தவறுக்கு வேர் பாடப்புத்தகத்துப் பஞ்சு. காற்று ஒரு பஞ்சு, வெப்பக் காற்று பெரிய பஞ்சு, அதனால் அதிக நீரைத் தாங்கும், நிரம்பினால் சொட்டும் என்று யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். 94 என்று கேட்டதும் நிரம்பி வழியப்போகும் பஞ்சு கண் முன் வந்து நிற்கிறது. நீராவியைக் காற்று தாங்கவில்லை. நைட்ரஜனும் ஆக்சிஜனும் இல்லாத வெற்றிடத்திலும் அதே வெப்பநிலையில் ஏறக்குறைய அதே அளவு நீராவிதான் இருக்கும். ஜான் டால்டன் 1800-களின் தொடக்கத்திலேயே இதைச் சோதித்துக் காட்டிவிட்டார். நடப்பது வேறு. நீர்ப்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் கிளம்பிக்கொண்டே இருக்கின்றன, ஆவியிலிருந்து திரும்பி வந்து ஒட்டிக்கொண்டும் இருக்கின்றன. கிளம்பும் வேகத்தை நீரின் வெப்பநிலை தீர்மானிக்கிறது. திரும்பும் வேகத்தை ஆவியின் அடர்த்தி தீர்மானிக்கிறது. இரண்டும் சமமானால் 100 சதவீதம். குளிர்ந்தால் கிளம்புவது குறைகிறது, திரும்புவது மேலோங்குகிறது, துளி வளர்கிறது. இதில் நிரம்பி வழிவதற்கு எதுவும் இல்லை.

சரி, வேறு எந்த எண்ணைப் பார்ப்பது? பனிநிலையை. ட்யூ பாயிண்ட் என்று சொல்லிப் பழகியிருந்தால் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். காற்றை அழுத்தம் மாறாமல் குளிர்வித்துக்கொண்டே போனால் எந்த வெப்பநிலையில் 100 சதவீதம் தொடுமோ, அதுதான் பனிநிலை. வெயில் ஏறினாலும் இறங்கினாலும் அது பாட்டுக்கு நிற்கும். நீராவி கூடினால் ஏறும், குறைந்தால் இறங்கும். முதல் நாள் பனிநிலை 11, இரண்டாவது நாள் 24. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்த்திருந்தால் பையன் ஒப்பந்தக்காரரிடம் இரண்டு தடவை தலைகுனிந்து நின்றிருக்க மாட்டான்.

பனிநிலையிலும் ஒரு கண்ணி இருக்கிறது. அது தரைக்கு இரண்டு மீட்டர் உயரத்தில் உள்ள காற்றைப் பற்றித்தான் சொல்கிறது. மழைக்கு வேண்டிய ஈரம் கிலோமீட்டர் கணக்கில் ஆழமாக இருக்க வேண்டும். தரையில் 24 இருந்தும் ஒன்றரை கிலோமீட்டர் மேலே காற்று வறண்டிருந்தால், எழும் மேகம் அந்த வறட்சியைப் பக்கவாட்டில் உள்ளிழுத்துக் கரைந்துபோகும். இதைத் தெரிந்துகொள்ள வானிலை பலூன் தரவு வேண்டும். உலகம் முழுக்கப் பெரும்பாலான நிலையங்கள் ஒரு நாளைக்கு இரண்டு முறை, ஒரே நேரத்தில், பலூன் ஏற்றுகின்றன. அது கையில் இல்லாவிட்டால் ஒரு குறுக்கு வழி உண்டு. பிற்பகல் வரை பனிநிலையைக் கவனியுங்கள். வெயில் தரையைச் சுடும்போது மேலும் கீழும் காற்று கலக்கும். ஈர அடுக்கு மெலிசாக இருந்தால் மேலிருக்கும் வறண்ட காற்று கலந்து பனிநிலை மளமளவென்று இறங்கிவிடும். இரண்டு மணிக்கும் காலையில் இருந்த இடத்திலேயே நின்றால், மேலேயும் ஈரம் இருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். கான்கிரீட் போட்ட அன்று அது காலையிலிருந்து அசையவே இல்லை. பதிவேட்டில் அதுவும் எழுதியிருந்தது. யாரும் அந்தக் கட்டத்தைப் பார்க்கவில்லை.

கருவியையும் ஒரு தடவை தட்டிப் பாருங்கள். உலர் குமிழ், ஈரக் குமிழ் வெப்பமானி வைத்திருப்பவர்கள் ஈரக் குமிழில் சுற்றியிருக்கும் பருத்தித் திரியைத் தொட்டுப் பார்ப்பதே இல்லை. குழாய்த் தண்ணீர் ஊற்றி ஊற்றி உப்பு படிந்து அது விறைத்துப்போயிருக்கும். விறைத்த திரியில் நீர் சரியாக ஏறாது, ஆவியாதல் குறையும், ஈரக் குமிழ் போதுமான அளவு குளிராது, ஈரப்பதம் உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரியும். காய்ச்சி வடித்த நீர், சுத்தமான திரி. இதற்கு மேல் செலவு கிடையாது.

ஒப்பு ஈரப்பதத்தைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. மூடுபனி வருமா, ஈரத்துணி காயுமா, காட்டுத்தீ பரவுமா என்று கேட்டால் அது நல்ல பதில் சொல்லும். பலூன் தரவில் எந்த உயரத்தில் மேக அடுக்கு இருக்கிறது என்று தேடவும் அதுதான் வேண்டும். மழைக்கு மட்டும் அதைத் தனியாக நம்பி வாக்குக் கொடுக்காதீர்கள்.

## மேகத்தை நீராவி என்பது

நீராவி கண்ணுக்குத் தெரியாது. தெரிந்தால் அது நீர், அல்லது பனிக்கட்டி.

## "மேலே குளிர், அதனால் மேகம் உருவாகிறது"

பாதி சரி என்பதால் இது ஆபத்தானது. எழும் காற்று மேலேயுள்ள குளிர்ந்த காற்றைத் தொட்டுக் குளிர்வதாகப் பலர் எழுதுகிறார்கள். தொடத் தேவையே இல்லை. மேலே போகப் போக அழுத்தம் குறைகிறது, காற்று விரிகிறது, விரிவதற்குத் தன் சொந்த வெப்பத்தைச் செலவழிக்கிறது, குளிர்கிறது. மேகம் இல்லாத நிலையில் ஒரு கிலோமீட்டருக்கு 9.8 டிகிரி. இது ஊருக்கு ஊர் மாறாது.

இந்த வித்தியாசம் ஏன் முக்கியம் என்றால், குளிரைத் தேடுபவர் மேலேயே பார்த்துக்கொண்டிருப்பார். தேட வேண்டியது காற்றை எது தூக்குகிறது என்பதை. சுட்ட தரை தூக்குகிறதா, மலை தூக்குகிறதா, குளிர்ந்த காற்றுத்திரள் ஒன்று அடியில் புகுந்து நெம்புகிறதா, இரண்டு பக்கக் காற்றும் ஒரே இடத்தில் வந்து சேர்ந்து வேறு வழியில்லாமல் மேலே போகிறதா? ஈரம் எவ்வளவு இருந்தாலும் தூக்க ஆளில்லாவிட்டால் அது புழுக்கமாகவே இருந்து முடிந்துவிடும்.

மேக அடிப்பகுதி எந்த உயரத்தில் இருக்கும் என்று தெரிய ஒரு எளிய கணக்கு உண்டு. வெப்பநிலையிலிருந்து பனிநிலையைக் கழித்து 125-ஆல் பெருக்கினால் மீட்டரில் கிடைக்கும். 36-லிருந்து 24 போனால் 12. அடிப்பகுதி சுமார் 1,500 மீட்டரில். வெயில் பட்டு எழும் திரள் மேகங்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். வானத்தைப் போர்வை மாதிரி மூடும் படை மேகங்களுக்குப் போட்டுவிட்டுக் கணக்கு தப்பு என்று வராதீர்கள்.

நீராவி நீராக மாறும்போது வெப்பம் வெளிவருவதையும் மறந்துவிடுகிறார்கள். ஒரு கிலோ நீருக்கு சுமார் 25 லட்சம் ஜூல். ஒரு சதுர கிலோமீட்டரில் ஒரே ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் அது 1,000 டன் நீர். அந்த நீர் மேலே உருவானபோது வெளிவந்த வெப்பம் ஏறக்குறைய 7 லட்சம் கிலோவாட் மணி. அதனால்தான் மேகத்துக்குள் எழும் காற்று மெதுவாகக் குளிர்கிறது, சுற்றியுள்ள காற்றைவிட வெப்பமாகவே இருந்து மேலும் மேலும் எழுகிறது. இடிமேகத்தை நடத்துவதே இந்த வெப்பம்தான். மழைக்கு முன் வீசும் சில்லென்ற காற்றைக் காட்டி, மேகம் குளிர்ந்திருக்கிறது என்று வாதாடுபவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்தக் காற்று மேகத்துக்குள் எழுவது அல்ல. விழும் மழையின் ஒரு பகுதி வழியில் ஆவியாகி, அதனால் குளிர்ந்து கனத்துக் கீழே கொட்டும் காற்று அது.

## ஈரக்காற்று கனமானது

இல்லை. நீர் மூலக்கூறின் எடை 18, உலர் காற்றின் சராசரி 29. நீராவி கலந்தால் காற்று லேசாகத்தான் ஆகும்.

## மேகம் கறுத்துவிட்டது, மழை வந்துவிடும்

கறுப்பு என்றால் வெளிச்சம் கீழே வரவில்லை என்று அர்த்தம். மேகம் தடிமனாக இருக்கலாம், அல்லது சூரியன் அதன் பின்னால் இருக்கலாம். மழை வரும் என்பதற்கு இன்னும் ஒரு பெரிய தடை தாண்ட வேண்டியிருக்கிறது.

மேகத்துளி ஒன்றின் ஆரம் சுமார் 10 மைக்ரோமீட்டர். மழைத்துளியின் ஆரம் 1 மில்லிமீட்டர். நூறு மடங்கு ஆரம் என்றால் பத்து லட்சம் மடங்கு கனஅளவு. பத்து லட்சம் மேகத்துளிகள் சேர்ந்தால் ஒரு மழைத்துளி. மேகத்துளி விழும் வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர் சொச்சம். எழும் காற்று அதைச் சுலபமாகத் தூக்கிவிடும். தப்பித் தவறி மேகத்தைவிட்டு வெளியே வந்தாலும் ஒரு முழம் விழுவதற்குள் ஆவியாகிவிடும். "மேகம் ஏன் கீழே விழவில்லை?" என்ற கேள்விக்கு இதுவே பதில். ஒரு கன கிலோமீட்டர் திரள் மேகத்தில் 500 டன் நீர் இருக்கும். அத்தனையும் தூளாகச் சிதறிக் கிடப்பதால் தாங்குகிறது.

துளி எப்படி ஆரம்பிக்கிறது என்பதிலேயே புதியவர்கள் ஒரு படியை விட்டுவிடுகிறார்கள். 100 சதவீதம் தொட்டதும் நீராவி தானாகத் துளியாவதில்லை. ஒட்டிக்கொள்ள ஒரு துகள் வேண்டும். கடல் உப்பு, புகை, மண்தூசி, சல்பேட், ஏதாவது. ஜான் எய்ட்கன் 1880-களின் வாக்கில் இதைக் கண்ணாடிக் கலங்களில் செய்து காட்டினார். 1894-ல் ஸ்காட்லாந்தின் பென் நெவிஸ் மலையுச்சியில் மேகங்களைப் பார்த்து மயங்கிய சி. டி. ஆர். வில்சன், அதைச் சோதனைச்சாலையில் உண்டாக்க முயன்றார். தூசி நீக்கிய காற்றில், உச்ச அளவைப்போல நாலு மடங்கு நீராவி சேர்ந்தால்தான் அயனிகளைப் பற்றிக்கொண்டு துளிகள் வருகின்றன என்று கண்டார். அதற்கு அவர் செய்த கருவியான மேக அறைதான் பின்னால் அணுத்துகள்களின் தடத்தைக் காட்டி அவருக்கு 1927-ல் நோபல் பரிசு வாங்கித் தந்தது. நிஜ வானத்தில் துகளுக்குப் பஞ்சமே இல்லை. அதனால் ஈரப்பதம் 101 சதவீதத்தைத் தாண்டுவதே அபூர்வம்.

பஞ்சமில்லாதது சில சமயம் தொல்லையாகவும் முடிகிறது. கடலுக்கு மேலே சுத்தமான காற்றில் ஒரு கன சென்டிமீட்டரில் நூறு துளி அளவில் இருக்கும். நிலத்துக்கு மேலே, புகை மண்டிய காற்றில் பல நூறு, ஆயிரம்கூட. அதே நீரை அதிகம் பேர் பங்குபோட்டுக்கொள்வதால் ஒவ்வொரு துளியும் சிறியதாகவே நின்றுவிடுகிறது. ஒரே தடிமன் உள்ள இரண்டு மேகங்களில் கடல் மேகம் பெய்துவிட்டுப் போகும், நில மேகம் சும்மா நின்று கலையும். மேகத்தின் உயரத்தை மட்டும் அளந்து மழை சொல்பவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்.

ஆவி படிந்து படிந்து துளி வளர்வது ஆரம்பத்தில் வேகம், பிறகு நத்தை வேகம். அந்த வழியிலேயே மழைத்துளியாக வேண்டுமென்றால் நாட்கணக்கில் ஆகும், திரள் மேகத்துக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. ஆகவே இரண்டு குறுக்கு வழிகள். ஒன்று, சில துளிகள் எப்படியோ 20 மைக்ரோமீட்டர் ஆரத்தைத் தாண்டிவிட்டால் அவை வேகமாக விழுந்து வழியில் உள்ள சின்னத் துளிகளை மோதிச் சேர்த்துக்கொள்ளும். இன்னொன்று பனிக்கட்டி வழி.

பூஜ்ஜியத்துக்குக் கீழே போனதும் மேகத்துளிகள் உறைந்துவிடும் என்று நினைக்காதீர்கள். மைனஸ் 10, மைனஸ் 20-ல்கூட ஏராளமான துளிகள் நீராகவே இருக்கும். உறைவதற்கேற்ற துகள் எதுவும் இல்லாவிட்டால் மைனஸ் 38 வரை தாக்குப்பிடிக்கும். இப்படி நீராகவே மிதக்கும் துளிகளுக்கு நடுவே ஒரு பனிப்படிகம் வந்துவிட்டால் ஆட்டம் மாறிவிடும். மைனஸ் 10 டிகிரியில், நீரின் கணக்கில் 100 சதவீதமாக உள்ள காற்று, பனிக்கட்டியின் கணக்கில் 110 சதவீதம். படிகம் வளர்கிறது, துளிகள் ஆவியாகி அதற்கு இரையாகின்றன.

இதைக் கண்டுபிடித்த விதம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். 1922 பிப்ரவரியில் ஆஸ்லோவுக்கு அருகே ஒரு மலை விடுதியில் தங்கியிருந்த வானிலையாளர் தூர் பெர்கெரான் காட்டுப் பாதையில் நடந்துபோவார். பூஜ்ஜியத்துக்கு மேல் இருந்த நாட்களில் மூடுபனி பாதைவரை இறங்கிக் கிடந்தது. மைனஸ் 5 முதல் 10 வரை இருந்த நாட்களில் மரங்களில் உறைபனி அப்பியிருந்தது, பாதையில் மூடுபனியைக் காணோம். கிளைகளில் இருந்த பனிக்கட்டி துளிகளின் நீரை எடுத்துக்கொண்டுவிட்டது என்று யோசித்தவர், மேகத்திலும் இதுவே நடக்க வேண்டும் என்ற முடிவுக்கு வந்து 1930-களில் வெளியிட்டார். ஆல்ஃபிரட் வேகனர் 1911-லேயே இதைக் கோடிகாட்டியிருந்தார்.

அதைப் படித்துவிட்டு, உச்சி உறையாத மேகம் பெய்யாது என்று அடித்துச் சொல்பவர்களும் உண்டு. வெப்பமண்டலக் கடல்களுக்கு மேலே முழுக்க முழுக்கப் பூஜ்ஜியத்துக்கு மேல் உள்ள மேகங்கள் தினமும் பெய்துகொண்டிருக்கின்றன.

## மேக விதைப்பு மேகத்தை உண்டாக்கும்

உண்டாக்காது. ஏற்கெனவே இருக்கும் மேகத்தில் பனிப்படிகம் குறைவாக இருந்தால் அதைத் தூண்டலாம், அவ்வளவுதான். 1946 நவம்பரில் வின்சென்ட் ஷேஃபர் விமானத்திலிருந்து உலர்பனி (உறைந்த கார்பன் டை ஆக்சைடு) தூவி ஒரு மேகத்தைப் பனியாக விழவைத்தார். விழுந்த பனி தரையைத் தொடும் முன்பே வறண்ட காற்றில் மறைந்துவிட்டது.

## தலைக்கு மேல் உள்ள நீர்தான் பெய்யும் என்ற கணக்கு

பலூன் தரவில் ஒரு எண் இருக்கும். தரையிலிருந்து மேல்வரை உள்ள நீராவி அத்தனையும் நீராகி இறங்கினால் எத்தனை மில்லிமீட்டர் தேங்கும் என்பது. புதியவர் அதில் 55 என்று பார்த்துவிட்டு "அதிகபட்சம் 55 மில்லிமீட்டர் மழை" என்று குறிப்பில் எழுதிவிடுவார். அன்று 180 பெய்யும்.

உலகச் சராசரியாக அந்த எண் 25 மில்லிமீட்டர்தான். ஆண்டு மழையின் உலகச் சராசரியோ ஏறக்குறைய ஒரு மீட்டர். ஒன்றை மற்றொன்றால் வகுத்தால் நீராவி சராசரியாக ஒன்பது நாட்களுக்கு ஒருமுறை முழுசாக மாறிக்கொண்டிருப்பது தெரியும். ஒன்பது நாளில் காற்று ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். ஆக, இன்று பெய்யும் நீரில் பெரும்பகுதி எங்கோ ஆவியாகி வந்தது. பூமியில் நடக்கும் ஆவியாதலில் ஏறக்குறைய 85 சதவீதம் கடலிலிருந்து.

கனமழை என்றால் தலைக்கு மேல் இருப்பது காலியாவது அல்ல, நாலாபக்கத்து ஈரமும் அங்கே வந்து வந்து மேலேறுவது. ரீயூனியன் தீவின் ஃபோக்-ஃபோக் என்ற இடத்தில் 1966 ஜனவரியில், ஒரு புயலின்போது, 24 மணி நேரத்தில் 1,825 மில்லிமீட்டர் பதிவானது. மிக ஈரமான வெப்பமண்டலக் காற்றிலும் அந்தப் பலூன் எண் 60, 70-ஐத் தாண்டினால் பெரிய விஷயம். குறைந்தது 25 மடங்கு நீர் பக்கத்திலிருந்து வந்து சேர்ந்திருக்கிறது. ஈரக்காற்று எந்தத் திசையிலிருந்து, எவ்வளவு வேகத்தில், எத்தனை மணி நேரம் வந்துகொண்டே இருக்கும், எங்கே முட்டி நிற்கும் என்று பாருங்கள். அந்த எண்ணை உச்சவரம்பாக எடுத்துக்கொண்டால் வெள்ள நாளில்தான் அது உங்களைக் கவிழ்க்கும்.

## ரேடாரில் நிறம் தெரிந்தால் தரையில் மழை

ரேடார் கற்றை ஏறக்குறைய நேர்கோட்டில் கொஞ்சம் மேல்நோக்கிப் போகிறது, பூமி கீழே வளைந்துகொண்டே போகிறது. அரை டிகிரி சாய்வில் அனுப்பிய கற்றை 100 கிலோமீட்டர் தூரத்தில் தரையிலிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். 200 கிலோமீட்டரில் 4 கிலோமீட்டர். நீங்கள் படத்தில் பார்ப்பது அந்த உயரத்து மழையை. அடியில் காற்று வறண்டிருந்தால் அது வழியிலேயே ஆவியாகிவிடும். வெளியே போய்ப் பார்த்தால் மேகத்துக்கு அடியில் சாம்பல் நிற இழைகள் தொங்கிக்கொண்டிருக்கும், தரை காய்ந்திருக்கும். இதற்கு நேர்மாறாக, தாழ்வான மேகத்திலிருந்து கொட்டும் நல்ல மழை தூரத்தில் இருந்தால் கற்றைக்கு அடியில் மறைந்துவிடும், படம் சுத்தமாக இருக்கும்.

இன்னொரு ஏமாற்று, பனி உருகும் அடுக்கு. உருகத் தொடங்கும் பனிச்செதில் மேலே நீர் பூசிக்கொண்டு, ரேடாருக்கு ஒரு பெரிய மழைத்துளி மாதிரித் தெரியும். சாதாரணத் தூறல் மழைக்குக்கூட அந்த உயரத்தில் பளிச்சென்று ஒரு பட்டை வந்துவிடும். பூஜ்ஜியம் டிகிரி எந்த உயரத்தில் இருக்கிறது என்பதைப் பலூன் தரவில் பார்த்துவிட்டு, கற்றை அந்த உயரத்தைக் கடக்கும் தூரத்தைக் கணக்குப் பண்ணுங்கள். சிவப்பு நிறம் ரேடாரைச் சுற்றி அந்தத் தூரத்தில் வளையமாக உட்கார்ந்திருந்தால் யாருக்கும் எச்சரிக்கை அனுப்பாதீர்கள். அங்கே மழைமானி வைத்திருப்பவரைக் கூப்பிட்டு, எத்தனை மில்லிமீட்டர் என்று கேளுங்கள்.